கோத்தகிரியில் பிராண்டிவைனின் 85 நாள் எங்கே போகிறது?

பின்னால் வந்து படிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். கோத்தகிரிக்கு மேலே, சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் உங்களுக்கு வீடும் கொஞ்சம் நிலமும் இருக்கின்றன. மூன்று வருடமாக பிராண்டிவைன், செரோக்கி பர்ப்பிள் என்ற இரண்டு அமெரிக்கப் பாரம்பரியத் தக்காளி ரகங்களை ஏப்ரல் கடைசியில் விதைத்து ஜூனில் நடுகிறீர்கள். செடி ஆள் உயரம் தாண்டுகிறது, பூ கொட்டுகிறது, தப்பிய நாலைந்து காயும் பச்சையாகவே நின்று அக்டோபர் மழையில் கறுத்து அழுகுகிறது. விதைப் பொட்டலத்தில் ‘85 நாள்’ என்று அச்சிட்டிருக்கிறது. எப்சம் உப்பு, முட்டை ஓடு, கோழி எரு எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று, செடியின் படமும் அனுப்பியிருக்கிறீர்கள். இன்னும் என்ன உரம் கொடுத்தால் காய்ப்பு கூடும், இல்லை விதையே மோசமா என்று கேட்கிறீர்கள். எனக்குப் படுவது, நீங்கள் உண்மையில் கேட்பது அந்த 85 நாள் எங்கே போனது என்பதைத்தான். அது தெரிந்துவிட்டால் உரக் கேள்வியில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும்.

என்னைப் பற்றி ஒரு வரி. பெரியகுளத்தில் தோட்டக்கலை படித்தேன், சில வருடம் சமவெளியில் காய்கறி விதை உற்பத்தியில் இருந்தேன், பிறகு பதினாறு வருடமாகக் கோத்தகிரிப் பக்கம் கிழக்கு பார்த்த ஒரு சரிவில் பயிர் வைக்கிறேன். பழனி மலையில் நண்பர் தோட்டத்தில் இரண்டு பருவம் கூட இருந்து பார்த்திருக்கிறேன். ஊட்டிப் பள்ளத்தாக்குகளில், உறைபனி விழும் இடங்களில், தக்காளி வைத்த அனுபவம் எனக்கு இல்லை. அதனால் கீழே சொல்வதை அவலாஞ்சிக்கும் தலைக்குந்தாவுக்கும் அப்படியே எடுத்துப் போக வேண்டாம்.

பொட்டலத்தில் இருக்கும் நாள் கணக்கு விதைத்த நாளில் தொடங்குவதில்லை. நாற்று நட்ட நாளிலிருந்து முதல் பழம் பழுக்கும் வரைதான் அந்த 85. நாற்றங்காலில் போகும் ஆறு எட்டு வாரம் அதில் சேராது. இது சின்ன ஏமாற்றம். பெரியது இன்னொன்று: எந்த ஊர்க் கோடையில் எடுத்த கணக்கு என்று பொட்டலம் சொல்லாது. செரோக்கி பர்ப்பிளை எடுத்துக்கொள்ளுங்கள். 1990-ல் டென்னசிக்காரர் ஒருவர் அனுப்பிய விதையை வளர்த்து, பெயர் வைத்துப் பரப்பியவர் கிரெய்க் லெஹூலியர். டென்னசியின் ஜூலையில் பகல் முப்பதைத் தொடும், இரவு இருபதுக்குப் பக்கத்தில் நிற்கும், வெளிச்சம் பதினாலு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். கோத்தகிரியில் அப்படி ஒரு மாதம் கிடையாது.

தக்காளிக்கு நாள்காட்டி தெரியாது, வெப்பம்தான் தெரியும். சுமார் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே அது வளர்வதே இல்லை என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பத்திலிருந்து 10-ஐக் கழித்து, மீதியைக் கூட்டிக்கொண்டே போவது விவசாய வானிலைக்காரர்கள் போடும் கணக்கு. சராசரி 22.5 டிகிரி இருக்கும் ஊரில் ஒரு நாளுக்கு 12.5 சேரும். 88 நாளில் 1,100. அதே 1,100-ஐ சராசரி 16 டிகிரி இருக்கும் இடத்தில் சேர்க்க, நாளுக்கு ஆறு வீதம், 183 நாள் ஆகும். உங்கள் 85 நாள் போன இடம் இதுதான். ஆறு மாதம் ஆகும் பயிரை மூன்று மாதப் பயிர் என்று நினைத்து நட்டிருக்கிறீர்கள், நடுவில் இரண்டு மழைக்காலமும் வந்துவிட்டது. இந்தக் கணக்கு நேர்கோட்டுக் கணக்கு, செடி அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. வெயில் குறைந்தால் வெப்பம் இருந்தும் பின்தங்கும், முப்பதுக்கு மேல் போனால் கூடுதல் வெப்பத்தால் லாபம் இல்லை. 1,100 என்பதும் ரகத்துக்கு ரகம் மாறும், இங்கே நான் எடுத்தது கணக்குப் புரிவதற்காக. ஆனாலும் இந்தக் கணக்கில் நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. சராசரியை மூன்றே மூன்று டிகிரி ஏற்றினால், 16-ஐ 19 ஆக்கினால், 183 நாள் 122 ஆகிவிடுகிறது. இரண்டு மாதம் மிச்சம். எந்த உரமும் இதைச் செய்யாது.

பூ உதிர்வது தனிக் கதை. தக்காளிப் பூவில் மகரந்தம் நன்றாக உருவாக இரவு 15 டிகிரிக்கு மேல் இருந்தால் நல்லது. 12, 13-க்குக் கீழே போனால் மகரந்தம் குறையும், இருப்பதும் முளைக்காது. மகரந்தம் உருவாவது பூ விரிவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, மொட்டுக்குள். அதனால் இன்று உதிரும் பூவுக்கு இன்றைய குளிரைத் திட்டிப் பயனில்லை, போன வாரத்து இரவுகளைப் பார்க்க வேண்டும். நூற்றைம்பது இருநூறு ரூபாய் கூடினாலும் அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் காட்டும் ஒரு வெப்பமானி வாங்கிச் செடி உயரத்தில், நிழலில் தொங்கவிடுங்கள். ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். நீங்கள் இதுவரை வாங்கிய உர மூட்டைகளைவிட அது உபயோகப்படும்.

பெரிய காய்க்கும் ரகங்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. பிராண்டிவைன் பூவைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். சாதாரணத் தக்காளிப் பூவில் ஐந்தாறு இதழ், நடுவில் மஞ்சள் கூம்பு, அதற்குள்ளே சூல்தண்டு ஒளிந்திருக்கும். இதில் பத்துப் பன்னிரண்டு இதழ், இரண்டு மூன்று பூ ஒட்டிப் பிறந்த மாதிரி. சூல்முடி சில சமயம் கூம்பைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கும். கூம்பு குலுங்கினால்தான் மகரந்தம் உள்ளே கொட்டி சூல்முடியில் விழும். முடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது தவறிப்போகும். மொட்டு உருவாகும்போது குளிர் பட்டால் இந்த ஒட்டிப்பிறப்பு இன்னும் மோசமாகி, காயின் அடியில் தழும்பும் கோணலும் வரும். பூனை மூஞ்சி என்று வெளிநாட்டார் சொல்வது இதைத்தான். நோய் கிடையாது, மருந்து அடிக்க வேண்டாம், வெட்டிச் சாப்பிடலாம். முதல் கொத்தில் வரும் அந்த ஒட்டுப்பூவை நான் கிள்ளிப் போட்டுவிடுவேன், செடியின் பலத்தை வீணாக உறிஞ்சும்.

குலுக்குவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள் தக்காளிக்கும் அது உதவும் என்று நம்புகிறார்கள். தேனீ தக்காளிப் பூவைக் கண்டுகொள்வது அபூர்வம், அதற்கு அங்கே தேனும் இல்லை. பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கத் தெரிந்த வண்டுதான் வேண்டும். நம் மலையில் வயிற்றில் நீலக் கோடு போட்ட ஒரு சின்னக் காட்டுத் தேனீ வரும், மரம் துளைக்கும் கருவண்டும் வரும். மூடுபனி நாட்களில் இரண்டுமே வராது. அப்போது நாம்தான் வண்டு. வெயில் ஏறி, பூவில் ஈரம் காய்ந்த பிறகு, பத்து மணியிலிருந்து பன்னிரண்டுக்குள், செடி கட்டிய கயிற்றை ஒரு குச்சியால் தட்டிக்கொண்டே போனால் போதும். ஈரத்தில் தட்டினால் மகரந்தம் கட்டிப் பிடித்துக்கொண்டு கொட்டாது. என் வீட்டில் பழைய பேட்டரி டூத்பிரஷ் ஒன்று இதற்கென்றே இருக்கிறது, பேரன் அதைக் கேட்டு அழுவான்.

இப்போது மாதங்களுக்கு வருகிறேன், மகசூல் முடிவாவது இங்கேதான். மலையில் நாம் மறந்துபோகும் ஒரு வரம் இருக்கிறது. பிராண்டிவைன் பிறந்த நாட்டில் செப்டம்பர் அக்டோபர் உறைபனி வந்து செடியைக் கொன்றுவிடும். தாமதமாகக் காய்க்கும் ரகம் என்றால் அங்கே அதனால்தான் பயம். நம் சரிவுகளில், குளிர் காற்று வடிந்து தேங்கும் பள்ளத்தை விட்டு மேலே இருந்தால், உறைபனி கிட்டத்தட்ட இல்லை. ஆக நமக்குப் பருவம் குறைவு என்பது பிரச்சினையே இல்லை, தவறான வாரத்தில் பூப்பதுதான் பிரச்சினை. ஜூனில் நட்டால் ஜூலை ஆகஸ்டில் தென்மேற்குக் காற்றும் மேகமும் நிற்கும்போது பூக்கும். வடகிழக்குப் பருவமழை கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் பலமாகப் பெய்யும் அக்டோபர் நவம்பரில் காய் முற்றும். இதைவிட மோசமான தேதியை வேண்டுமென்று தேடினாலும் கிடைக்காது. உருளைக்கும் கேரட்டுக்கும் தண்ணீர் பாய்ச்சி வளர்க்கும் நீர்போகம், மழையை நம்பும் கார்போகம், கடைபோகம் என்று பருவம் பிரித்து வைத்திருக்கிறார்களே, நீங்கள் கார்போகத்துக்காரர்களைப் பார்த்து நட்டிருக்கிறீர்கள். இந்தத் தக்காளிக்கு நீர்போகம்தான் ஒத்துவரும். சுற்றிலும் உலர்ந்த காற்று, வேரில் மட்டும் தண்ணீர்.

என் தேதிகள் இவை. அக்டோபர் நடுவில் வீட்டுக்குள் விதை. முளைக்க 20 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால் தட்டு சமையலறை அடுப்புக்கு மேலிருக்கும் பரணில் இருக்கும், முளை தெரிந்த அன்றே ஜன்னலுக்கு வந்துவிடும். இரண்டு இலை வந்ததும் பைக்கு மாற்றுகிறேன். தேயிலை நாற்றுப் போடும் நீளப் பாலித்தீன் பை இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, ஆனால் தக்காளிக்கு அது ஒல்லி. அதைவிட ஒரு மடங்கு அகலமான பை வாங்குங்கள். இரண்டு மாதம் பையிலேயே வளர்த்து, முதல் மொட்டு தெரியும் சமயம், டிசம்பர் நடுவில் மண்ணுக்கு இறக்குகிறேன். பிஞ்சு நாற்றைக் குளிர்ந்த மண்ணில் நட்டால் இலையின் அடிப்பக்கம் ஊதாவாகி அப்படியே நிற்கும். மண்ணில் பாஸ்பரஸ் இருந்தாலும் 15 டிகிரிக்குக் கீழே வேர் அதைச் சரியாக எடுப்பதில்லை. பையில் பெரிதாக்கி நடுவது இந்த முடக்கத்தைத் தாண்டத்தான். ஜனவரி இரவுகள் என் இடத்தில் எட்டு வரை இறங்கும், முதல் கொத்து பெரும்பாலும் போய்விடும், அதற்காக நான் வருந்துவதில்லை. பிப்ரவரி பாதிக்குப் பிறகு வரும் இரண்டு, மூன்று, நான்காம் கொத்துதான் பயிர். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் வரை பறிப்பு.

இந்தக் கணக்கு கூரை இருந்தால்தான் செல்லும். பெரிய பசுமைக்குடில் கட்ட வேண்டாம். சீகைக் கம்போ கற்பூர மரக் கம்போ ஊன்றி, மூங்கில் வளைத்து, மேலே 200 மைக்ரான் புற ஊதா தாங்கும் பாலித்தீன் ஷீட், மேற்குப் பக்கம் தரை வரை இறக்கம், மற்ற பக்கங்கள் சுருட்டி ஏற்றும்படி. பகலில் உள்ளே ஆறேழு டிகிரி கூடும். இரவில் ஏறக்குறைய ஒன்றும் கூடாது. பாலித்தீன் பகல் வெப்பத்தைப் பிடித்து வைக்காது, மண் விடும் சூட்டை வெளியே விட்டுவிடும் பொருள் அது. பகல் ஆறு, இரவு சுழியம் என்றாலும் சராசரியில் மூன்று டிகிரி கிடைத்துவிட்டது, நமக்கு வேண்டியது அதுதான். பிப்ரவரி மார்ச்சில் மேகமில்லாத மதியத்தில் மூடியே வைத்திருந்தால் உள்ளே முப்பத்தைந்தைத் தாண்டி, குளிரில் பிழைத்த பூவை வெயிலில் கொன்றுவிடுவோம். ஒரு வருடம் குடும்பக் கல்யாணத்துக்கு ஈரோடு போய்விட்டு நாலு நாள் கழித்து வந்தபோது இரண்டு கொத்தும் காம்போடு மஞ்சளாகித் தரையில் கிடந்தன. மூடுபனியில் ஷீட்டின் மேல் பச்சைப் பாசி படரும். நீளக் கம்பில் துணி கட்டி வருடம் இரண்டு முறை துடைக்காவிட்டால் வெளிச்சம் குறைந்து செடி நெட்டையாகப் போகும். இடம் தேர்ந்தெடுக்கும்போது கிழக்கு பார்த்த சரிவை எடுங்கள். இங்கே காலை வெளுத்து, மதியத்துக்கு மேல் மேகம் ஏறி வருவதுதான் வழக்கம், காலை வெயிலைத் தவறவிட்டால் அன்றைய வெயில் அவ்வளவுதான்.

கூரையின் பெரிய வேலை சூடு ஏற்றுவதுகூட இல்லை, இலையை நனையவிடாமல் வைப்பது. உங்கள் காய்கள் அக்டோபரில் ‘கறுத்து அழுகியது’ என்று எழுதியதையும், படத்தில் தெரியும் எண்ணெய்ப் பழுப்பு நிறத்தையும் வைத்து, அது பின்பருவ இலைக்கருகல் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்வேன். உருளைக்கிழங்கைத் தாக்கும் அதே பூசணம், அயர்லாந்துப் பஞ்சத்துக்குக் காரணமானது. குளிரும் ஈரமும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். சுற்றிலும் உருளை பயிராகும் நீலகிரியில் அதன் விதைத்துகள் காற்றில் எப்போதும் இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே புகுந்து நாலைந்து நாளில் புள்ளி, பத்து நாளில் தோட்டம் காலி. பக்கத்து ஹட்டியில் (படுகர் ஊரில்) நாற்பது வருடம் உருளை போட்ட ஒரு பெரியவர் என் முதல் வருடத்தில் வந்து நின்று சொன்னது: “மூணு நாள் மிஸ்ட் இறங்கி நின்னா நாங்க செடியப் பாக்க மாட்டோம் சார், மருந்தக் கலக்கிருவோம். இலையில தெரிஞ்சப்புறம் அடிக்கிறது டேங்க் கழுவுற மாதிரிதான்.” தாமிர மருந்துகளைப் பொறுத்தவரை இது அட்சரம் பிசகாத உண்மை. அவை இலைமேல் காவல் நிற்கும், உள்ளே போனதை விரட்டாது.

நான் தாமிர மருந்தான போர்டோக் கலவையோடு நிறுத்திக்கொள்கிறேன். பத்து லிட்டருக்கு நூறு கிராம் மயில்துத்தம், நூறு கிராம் நல்ல சுட்ட சுண்ணாம்பு, தனித்தனியாக ஐந்தைந்து லிட்டரில் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் மெதுவாக ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றக் கூடாது. துருப்பிடிக்காத எஃகு அல்லாத, பழைய இரும்புக் கத்தியைத் தேய்த்துப் பளபளப்பாக்கி ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் ஏறியிருந்தால் சுண்ணாம்பு பற்றவில்லை, அப்படியே அடித்தால் இலை வெந்துவிடும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு நீர் சேர்த்து மறுபடி முக்கிப் பார்க்க வேண்டும். கலந்த அன்றே அடித்துவிட வேண்டும். இளஞ்செடிக்குப் பாதி அடர்த்தி போதும். இயற்கை முறையிலும் இதை அனுமதிக்கிறார்கள் என்பதற்காக வாரா வாரம் அடிக்காதீர்கள். தாமிரம் மண்ணில் தங்கும், எங்கேயும் போகாது. கூரை இருந்தால் பருவத்துக்கு இரண்டு முறைகூடத் தேவைப்படாது.

உருளை போட்ட மண்ணில் தக்காளி வைக்க வேண்டாம் என்பதற்குக் கருகல் மட்டும் காரணமில்லை. 1961-ல் இந்தியாவிலேயே முதன்முதலாக நீலகிரியில்தான் உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள். தக்காளி வேரும் அதற்குச் சாப்பாடு. கூட்டுக்குள் முட்டை பல வருடம் உயிரோடு கிடக்கும். உங்கள் நிலத்தில் முன்பு உருளை இருந்ததா என்று விற்றவரிடம் கேளுங்கள். இருந்ததென்றால் அந்தத் துண்டில் பூண்டு, கேரட், கோஸ் போட்டுவிட்டு, தக்காளியை வேறு பக்கம் கொண்டுபோங்கள்.

உரம் என்று கேட்டதற்கு இப்போதாவது பதில் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. இந்த மலையின் சிவப்பு மண் புளிப்பு மண், பி.எச். ஐந்துக்குப் பக்கத்தில் இருப்பது சகஜம், தேயிலைக்கு அது சொர்க்கம். தக்காளிக்கு ஆறு, ஆறரை வேண்டும். மண் பரிசோதனை செய்து, அதற்கேற்ப டோலமைட்டை நடவுக்கு இரண்டு மாதம் முன்பே கொத்திவிடுங்கள், அது கால்சியமும் மக்னீசியமும் சேர்த்துத் தரும். காயின் அடி கறுத்து அமுங்குவது கால்சியம் காய்க்குப் போய்ச் சேராததால். பெரும்பாலும் மண்ணில் இல்லாமல் அல்ல, தண்ணீர் ஒரு நாள் வெள்ளம் ஒரு நாள் வறட்சி என்று விடுவதால். எப்சம் உப்பு மக்னீசியம் மட்டும்தான், கால்சியத்தோடு போட்டியிட்டு அந்தக் கறுப்பை அதிகப்படுத்தக்கூட வாய்ப்புண்டு, அதை நிறுத்துங்கள். முட்டை ஓடு கரைய வருடங்கள் ஆகும், கெடுதல் இல்லை, பலனும் இந்த வருடம் இல்லை. ஆள் உயரச் செடியும் நாலு காயும் என்பது தழைச்சத்து கூடிப்போனதையும் காட்டுகிறது. நீங்கள் சொன்ன அளவு கோழி எருவில் பாதியைக் குறைத்துவிடலாம். இரண்டு தண்டு மட்டும் விட்டு மற்ற பக்கத்துளிரைக் கிள்ளுங்கள், ஒரு செடிக்கும் அடுத்ததற்கும் இரண்டடி விடுங்கள், காய் ஐந்து கொத்து நின்றதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். மே மாதம் பூக்கும் பூ ஜூலையில்தான் பழுக்கும், அதற்குள் மேகம் வந்துவிடும்.

கிள்ளிய துளிரைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு சாண் நீளத் துளிரை டம்ளர் தண்ணீரில் வைத்தால் இரண்டு வாரத்தில் வேர் விடும். அது பிஞ்சு நாற்று இல்லை, வயது வந்த செடியின் கிளை. அதனால் விதைச் செடியைவிடச் சீக்கிரம் பூக்கும். தாய்நாடான ஆண்டிஸ் மலையில் தக்காளி பல வருடச் செடி, அதை ஒரு வருடப் பயிராக்கியது பனிதான். பனியில்லாத நம் சரிவில் ஜூனில் காய்ப்பு முடியும் செடியிலிருந்து துளிர் எடுத்து, மழைக்காலத்தை வீட்டு ஜன்னலில் கடத்தி, டிசம்பரில் நட்டால் நாற்றங்கால் காலம் முழுவதும் மிச்சம். நான் ஆறு வருடமாகச் செய்கிறேன், தாமத ரகங்களுக்கு இதைவிட நல்ல தந்திரம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரே ஆபத்து, தாய்ச்செடியில் இலைச்சுருட்டையோ கருகலோ இருந்தால் அதுவும் கூடவே வரும். சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

விதையைப் பற்றி. விதை மோசம் என்று சொல்ல ஆதாரம் இல்லை, பிராண்டிவைன் செடி அந்த ரகத்துக்கேற்ற, உருளைக்கிழங்குச் செடி மாதிரியான இலையோடுதான் படத்தில் இருக்கிறது. ‘மூன்று வருடம் தொடர்ந்து விதை எடுத்துப் போட்டால் மலைக்குப் பழகிவிடும்’ என்று உங்களுக்கு யாரோ சொன்னதில்தான் எனக்குச் சந்தேகம். தக்காளி தன் மகரந்தத்திலேயே காய்க்கும் செடி, பழைய ரகம் என்றால் பல தலைமுறை அப்படியே வந்திருக்கும், செடிக்குச் செடி மரபு வேற்றுமை மிகக் குறைவு. வேற்றுமை இல்லாத இடத்தில் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. 1903-ல் டென்மார்க்கின் தாவரவியலாளர் யொஹான்சன் பீன்ஸ் விதையில் காட்டியது இதைத்தான்: தூய வழியில் பெரிய விதையை எடுத்துப் போட்டாலும் சின்னதை எடுத்துப் போட்டாலும் பிள்ளைகள் ஒரே சராசரிதான். ஆனால் பிராண்டிவைன் மாதிரி சூல்முடி வெளியே நீட்டும் ரகங்களில் பக்கத்து ரகத்தின் மகரந்தம் விழுந்து கலப்பு வருவது மற்றவற்றைவிட அதிகம். அப்படிக் கலந்த செடியின் பிள்ளைகளில் குளிரில் காய்க்கும் ஒன்று கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டுத் தலைமுறை போகலாம். அதை வேண்டுமானால் மலைக்குப் பழகிய விதை என்று சொல்லலாம், ஆனால் அது பிராண்டிவைன் இல்லை. நல்ல காயைப் பார்த்து விதை எடுக்காதீர்கள், நல்ல செடியைப் பார்த்து எடுங்கள்.

உயரம் மாறினால் கதை மாறும். பழனி மலையின் கீழ்ப்பகுதியில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம், காப்பியும் மலைவாழையும் வளரும் உயரத்தில், இரவு வெப்பம் இந்த ரகங்களுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். அங்கே கூரை மழைக்கு மட்டும் போதும், பயிர்க்காலமும் ஒரு மாதத்துக்கு மேல் குறைகிறது. நண்பர் தோட்டத்தில் என் கண்ணாலேயே பார்த்தேன், அதே விதை, அதே வாரம் நடவு. கொடைக்கானல் டவுன் 2,100 மீட்டர், உங்களைவிடக் கடினம். அங்கே இருப்பவர்கள் பெரிய காய் ஆசையைப் பாதியாக்கி, செக் நாட்டு ஸ்டுபிஸ் மாதிரிச் சீக்கிரம் காய்க்கும் சின்ன ரகங்களோடு கலந்து போடட்டும். கோயம்புத்தூர் மாடியில் வளர்க்கும் உங்கள் தங்கைக்கு எல்லாமே தலைகீழ். அங்கே மார்ச்சுக்கு மேல் இரவே 24-ஐ நெருங்கி மகரந்தம் கெடும், பூ டிசம்பர் ஜனவரியில் வந்தாக வேண்டும், அக்டோபரில் விதைக்கச் சொல்லுங்கள். வெள்ளை ஈயும் அது கொண்டுவரும் இலைச்சுருட்டை வைரசும் அவருக்குத் தலைவலி, உங்களுக்கு அவ்வளவாக இல்லை. தேனி அண்ணஞ்சி நாட்டு ரகத்திலிருந்து பெரியகுளத்தில் உருவாக்கிய பி.கே.எம் 1-ஐ அவர் நாலு தொட்டியில் போட்டுவைத்தால் ரசத்துக்காவது நிச்சயம்.

பறிப்பில் ஒரு தவறு எல்லாரும் செய்வது, நீங்களும் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்: செடியிலேயே பழுக்க விடுவது. காயின் அடியில் வெளிறிய இளஞ்சிவப்பு நட்சத்திரம் மாதிரி தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு காய் தானே பழுத்துக்கொள்ளும். ருசியில் கண்ணைக் கட்டிக்கொண்டு வித்தியாசம் சொல்ல என்னால் முடிந்ததில்லை. செடியில் விட்டால் ஒரு மழையில் வெடிக்கும், இல்லை குரங்கு கணக்கு முடித்துவிடும். பறித்ததை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம், 10, 12 டிகிரிக்குக் கீழே பழுக்கும் தன்மையே போய் மாவாகிவிடும். நம் மலை வீடுகளில் குளிர்கால அறையே அந்த அளவுக்கு ஃபிரிட்ஜ்தான். அடுப்படிக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப் பெட்டி, ஒரு அடுக்கு காய், நடுவில் இரண்டு மலைவாழைப்பழம், மேலே பழைய செய்தித்தாள். வாரத்தில் நிறம் ஏறிவிடும். ஜூன் இரண்டாம் வாரம் மேகம் இறங்கியதும் நட்சத்திரம் தெரியாத பச்சைக் காயையும் சேர்த்து நான் மொத்தமாகப் பறித்துவிடுவேன். முற்றிய காய் பாதிக்கு மேல் பெட்டியில் பழுக்கும். மீதி, பாசிப்பருப்பும் தேங்காயும் அரைத்துவிட்டு, கூட்டு.